பல்லும் மரவள்ளியும்

சென்னையிலிருந்து வந்த பதினொரு பக்கக் கடிதத்தில் கொளஞ்சியப்பன் தலையில் ஏறியது ஒரே ஒரு விஷயம்தான். கள்ளக்குறிச்சி கச்சிராயபாளையம் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அவருடைய மரவள்ளி பிடுங்கியை, ஜெர்மனியில் எவனோ ஒரு பல் டாக்டர் நூற்றிருபது வருஷத்துக்கு முன்னாலேயே திருடிவிட்டான்.

"அவன் பல்ல அவன் புடுங்கட்டும். எங்கெழங்காண்ட அவனுக்கு இன்னா வேல?" என்று கடிதத்தைப் பெஞ்சில் ஓங்கி அடித்தார்.

"கடுதாசிய ஏன் அடிக்கிறீங்க? அது இன்னா பண்ணுச்சு?" என்றாள் அவர் மனைவி அமிர்தம். இருபத்தாறு வருஷமாக அவருடைய கண்டுபிடிப்புகளோடு குடித்தனம் நடத்துகிறவள். மாவரைக்கும் சைக்கிள் என்று ஒன்றை அவர் செய்து ஓட்டிக்காட்டியதில் வீட்டுச் சுவரில் விழுந்த ஓட்டை இன்னும் அடைபடவில்லை. அதற்கு அவள் காலண்டர் மாட்டி வைத்திருக்கிறாள்.

ஆனால் மரவள்ளி பிடுங்கி அந்த ரகம் இல்லை என்பது அமிர்தத்துக்கே தெரியும். கல்வராயன் மலைமேலும் அடிவாரத்திலும் கிழங்கு பிடுங்கும் காலம் வந்தால் ஊர்ப் பெண்களின் இடுப்பு போய்விடும். நாள் முழுக்கக் குனிந்து, தண்டைப் பிடித்து, மூச்சைப் பிடித்து இழுக்க வேண்டும். கொளஞ்சியப்பன் கருவிக்கு இடுப்பளவு உயரம், கீழே ஊன்றிக்கொள்ள இரண்டு கால், நடுவில் தண்டைக் கவ்வும் இடுக்கி. கைப்பிடியை அழுத்தினால் கிழங்கு முழுசாக மண்ணை உடைத்துக்கொண்டு மேலே வரும். அந்த இடுக்கியில் ஒரு விசேஷம் உண்டு. நேராகத் தூக்கினால் இறுகும். பக்கவாட்டில் ஆட்டினால் பிடியை விட்டுவிடும். கிழங்கை ஆட்டிப் பிடுங்கினால் கழுத்தில் ஒடிந்து பாதி மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும் அல்லவா? இந்தக் கருவியில் ஆட்டவே முடியாது.

இதற்குக் காப்புரிமை வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றதற்குக் காரணம் காசு ஆசை இல்லை. அந்த ஆசை இருந்திருந்தால் அமிர்தம் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பாள். காரணம், கரும்பு பரு வெட்டி.

ஆறு வருஷத்துக்கு முன்னால், நாற்றுப் போடுவதற்காகக் கரும்புக் கணுவிலிருந்து முளைப் பருவை மட்டும் அலுங்காமல் வெட்டியெடுக்கும் கருவி ஒன்றை அவர் செய்தார். 'பாத்துட்டுத் தர்றேன்' என்று ஒருவன் வாங்கிப் போனான். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டான் போல, திரும்பவே இல்லை. எட்டு மாசம் கழித்து உளுந்தூர்பேட்டையில் விவசாயக் கண்காட்சி. அங்கே வெல்வெட் துணி விரித்த மேஜையில், நீலப் பெயின்ட் அடித்துக்கொண்டு, பக்கத்தில் வேறு யாரோ ஒருவனின் சிரித்த போட்டோவோடு உட்கார்ந்திருந்தது அவருடைய பரு வெட்டி. கைப்பிடியில் அவர் வைத்த வெல்டிங் மாதிரியே கொஞ்சம் கோணலாக ஒரு வெல்டிங். தப்பைக்கூட விடாமல் காப்பி அடித்திருந்தார்கள். கையில் எடுத்துப் பார்க்கப் போனார். டை கட்டிய ஒருத்தன் ஓடிவந்தான்.

"பெரியவரே, தொடாதீங்க. டெமோ பீஸ்."

கையை எடுத்துக்கொண்டார். திரும்பி வரும் பஸ்ஸில் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து யாரிடமும் சண்டை போடவில்லை, சாப்பிடவும் இல்லை. அது அவருக்கு வலித்தது. ஐம்பத்திரண்டு வயசு ஆம்பளைக்கு ஒரு இரும்புத் துண்டுக்காக அழுகை வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்.

ஆகவே மரவள்ளி பிடுங்கி வேலை செய்யத் தொடங்கியதும் முதல் காரியமாக மணவாளநல்லூருக்குக் கிளம்பினார். அவர் பேருக்குக் காரணமான கொளஞ்சியப்பர் விருத்தாசலத்துப் பக்கம் அங்கேதான் இருக்கிறார். அந்தச் சாமியிடம் கையைக் கூப்பிக் கண்ணீர் விட்டால் மட்டும் போதாது. ஸ்டேஷனில் கொடுப்பது மாதிரி எழுத்தில் பிராது கொடுக்க வேண்டும். பேர், ஊர், விலாசம், என்ன குறை, என்ன நடந்தது, எல்லாவற்றையும் தாளில் எழுதி வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். காரியம் முடிந்ததும் திரும்பப் போய் வாபஸ் வாங்க வேண்டும். வாங்காத வரைக்கும் கேஸ் நடந்துகொண்டே இருக்கும்.

அதிலும் கொளஞ்சியப்பன் குடும்பத்துக்குப் பிராது என்றால் தனி பயம். அவருடைய பெரியப்பா இருசப்பன் ஒருமுறை காணாமல் போன வெள்ளாட்டுக்காகப் பிராது கட்டினார். அந்த ஆடே மணலூர்பேட்டைச் சந்தையில் அடுத்தவன் அசந்த நேரம் பார்த்து ஓட்டிக்கொண்டு வந்தது என்பதை எழுத மறந்துவிட்டார். இருபதாம் நாள் ஆடு வந்தது. கயிற்றின் மறுமுனையில் சொந்தக்காரனும் வந்தான். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் பிராது எழுதினால் கொட்டாவி விட்டதைக்கூட விடாமல் எழுதுவார்கள்.

கொளஞ்சியப்பனும் அப்படித்தான் நாலு தாள் எழுதினார். 'என் கருவிக்கு என் பேர் நிலைக்க வேண்டும்' என்று முதல் தாளில். இரண்டாம் தாளில், தமக்குக் கடைவாய்ப் பல் வலித்தது, டாக்டர் காசிநாதனிடம் போனது, அவர் பல்லைப் பிடுங்கியது, வாயில் பஞ்சோடு அந்தக் குறட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது, மருந்துச் சீட்டின் பின்னாலேயே படம் போட்டுக்கொண்டு வந்தது. மூன்றாம் தாளில், முதல்முதலாகச் செய்த கருவியை வெள்ளிமலைப் பக்கம் ஒரு கிழங்குக் காட்டுக்கு எடுத்துப்போன நாளில் நடந்த சங்கதி. அதை எழுதும்போதே அவர் காது சூடாகிவிட்டது. நாலாம் தாளில் இப்போதைய கருவி.

காப்புரிமைக்கு என்ன எழுத வேண்டும் என்று சென்னையில் ஏஜென்ட் வேலை பார்க்கும் செல்லமுத்துவைப் போனில் கேட்டபோது, "நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்புங்க, இங்கிலீஷ்ல நாங்க மாத்திக்கறோம்" என்றார். கொளஞ்சியப்பனுக்கு நடந்ததை நடந்தபடி எழுதும் முறை ஒன்றுதான் தெரியும். பிராதின் ஜெராக்ஸை எடுத்தார். மூன்றாம் தாளை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மற்றதை அனுப்பினார். சாமி பார்த்தால் பரவாயில்லை, கவர்மென்ட் எதற்குப் பார்க்க வேண்டும்? செல்லமுத்து ஆபீஸில் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. பல்வலி, பஞ்சு, மருந்துச் சீட்டு எல்லாம் சுத்தமான இங்கிலீஷில் அரசாங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பதில்தான் அந்தப் பதினொரு பக்கம். விண்ணப்பத்தைப் பரிசோதிக்கிற அதிகாரி, இதற்கு முன்னாலேயே உலகத்தில் இருந்த மூன்று கண்டுபிடிப்புகளைத் தோண்டியெடுத்து எதிரே வைத்திருந்தார். ஒன்று, பிரேசில் தேசத்து மரவள்ளி டிராக்டர் கலப்பை. இரண்டு, அமெரிக்காவில் வேலிக் கம்பம் பிடுங்கும் நெம்புகோல். மூன்று, ஜெர்மனியின் பல் குறடு. இவற்றைப் பார்த்தாலே யாருக்கும் உங்கள் கருவி தோன்றியிருக்கும், இதில் புதுசு என்ன, விசாரணைக்கு வந்து சொல்லுங்கள் என்பது கேள்வி.

"இதுல ஒரு சூட்சுமம் இருக்கு," என்று செல்லமுத்து போனில் விளக்கினார். "பழசா ஒண்ணு இருந்துட்டா மட்டும் போதாது. அது சம்பந்தமுள்ளதா இருக்கணும். கிழங்கு பிடுங்குறவன் ஒருத்தன் தன் கஷ்டத்துக்கு வழி தேடுறப்போ அதைப் போய்ப் பார்ப்பானா? பார்ப்பான்னா சம்பந்தம் இருக்கு. பார்க்க மாட்டான்னா தூக்கி எறிஞ்சிடலாம்."

"எவன் சார் பல் கொறட்டப் பாப்பான்?" என்றார் கொளஞ்சியப்பன். சொல்லும்போதே நாக்கு தானாகப் போய்க் கடைவாயில் இருந்த காலி இடத்தைத் தொட்டது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

பட்டறைக்கு எதிரே பூமாலையின் டீக்கடை. காப்புரிமைச் சட்டம் அங்கே ஒரு வாரம் பாய்லரில் கொதித்தது. வாய் வேறு, நிலம் வேறு, ஆகவே சம்பந்தமில்லை என்று ஒரு கட்சி. பல்லுக்கும் வேர் இருக்கிறது, கிழங்கே வேர்தான், ஆகவே சம்பந்தம் உண்டு என்று பூமாலை. "அப்ப முடி புடுங்குறதும் சம்பந்தந்தானா?" என்று கேட்டவனுக்கு அன்று டீ கிடையாது. டாக்டர் காசிநாதனிடம் போய், பல் குறட்டுக்கும் மரவள்ளிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று ஒரு கடிதம் கேட்டார் கொளஞ்சியப்பன். டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன்யா, மரத்துப்போன வாயோட எங்கொறட்டப் புடுங்கி அளவெடுத்துகினு போனவன் நீதான? நான் எந்த மூஞ்சிய வச்சிகினு கையெழுத்துப் போடறது?"

"அது வேற, இது வேற டாக்டர்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். எப்படி வேறு என்று டாக்டர் கேட்கவில்லை. நல்லவேளை.

விசாரணை வீடியோவில், காலை பதினொரு மணிக்கு. கொளஞ்சியப்பன் அதைக் கல்யாணம் மாதிரி ஏற்பாடு செய்தார். டீக்கடை டிவியைக் கழற்றிக்கொண்டு வந்து பட்டறையில் மாட்டினார். பெஞ்சு போட்டார். தாம் ஜெர்மனிக்காரனை மண்ணைக் கவ்வ வைப்பதை ஊரே பார்க்க வேண்டும் என்று வருகிறவன் போகிறவனையெல்லாம் கூப்பிட்டு வைத்திருந்தார். கருவிக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, மேஜையில் நிறுத்தி, சாமந்தி மாலை போட்டிருந்தார்.

வடக்கனந்தலிலிருந்து ஜெயம்மாளையும் வரச்சொல்லியிருந்தார். ஜெயம்மாள் கிழங்கு பிடுங்கும் கூட்டத்துக்குத் தலைவி. சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. ஆனால் மலைமேல் எந்தக் காட்டில் கிழங்கு முற்றியிருக்கிறது என்பது காட்டுக்காரனுக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். பத்துப் பெண்களை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய் வேலையை முடித்துக் கொண்டுவருவாள். அதிகாரி கேட்டால் 'இடுப்பு வலி கம்மியாச்சு' என்று மட்டும் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. வந்தவள் மாலை போட்ட கருவியைப் பார்த்துச் சிரித்து, இடுக்கியைப் பிடித்துப் பார்க்கக் கையை நீட்டினாள்.

"தொடாத ஜெயம்மா, டெமோ பீஸு. பெயின்ட்டு ஒட்டிக்கும்."

"நாள் பூரா இதத்தான மேஸ்திரி புடிச்சிகினு நிக்கறேன்," என்றாள். ஆனாலும் கையை எடுத்துக்கொண்டு, புடவையில் துடைத்துக்கொண்டு, பின்னால் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கொளஞ்சியப்பன் அப்போது டிவி ஒயரைச் சொருகிக்கொண்டிருந்தார்.

திரையில் ஒரு கட்டத்தில் செல்லமுத்து, இன்னொரு கட்டத்தில் அதிகாரி. அவர் பேர் கண்ணகி. நாற்பது வயசு இருக்கலாம். அடுத்தவர் பேசி முடிக்கும் வரை காத்திருக்கிற பெண்மணி. காத்திருக்கிற அதிகாரிகளோடு கொளஞ்சியப்பனுக்குப் பழக்கம் இல்லை.

"ஆவணம் ஒன்று, பிரேசில் கலப்பை," என்றார் கண்ணகி. "தமிழிலேயே சொல்லுங்க சார், பரவாயில்லை."

"மேடம், அது டிராக்டர்ல மாட்டறது. எங்க மலையில பாதிக் காட்டுக்கு டிராக்டர் ஏறாது. ஏறுனா எறங்காது. இது ஒத்த ஆளு தோள்ல வச்சிகினு போறது."

"சரி. ஆவணம் இரண்டு, வேலிக் கம்பம் பிடுங்குவது."

"வேலிக் கம்பத்துக்கு அடியில கெழங்கு கெடயாதுங்க. எப்டி வேணா ஆட்டிப் புடுங்கலாம், ஒடயறதுக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு ஒடயாம வரணும். அதான் வித்தியாசமே."

"நியாயம்," என்று கண்ணகி எழுதிக்கொண்டார். பெஞ்சில் கைதட்டல். பூமாலை விசில் அடித்தார். அமிர்தம்கூட முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆவணம் மூன்று. பல் குறடு."

இதற்காகத்தான் ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகியிருந்தார். எழுந்து நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மேடம், ஒரே ஒரு கேள்விங்க. மரவள்ளி புடுங்குறவன் எவனாவது பல் டாக்டராண்ட போயி வழி கேப்பானா? வாய் எங்க, வயக்காடு எங்க? டாக்டர் வந்து கெழங்கு புடுங்குறாரா, நாங்க போயி பல்லு புடுங்குறமா? பல்லுக்கும் கெழங்குக்கும் சம்பந்தமே கெடயாது. எவனும் பாக்க மாட்டான். பாத்தேன்னு எவனாவது சொன்னான்னா அவன் கிறுக்கன்!"

கைதட்டல் அடங்கும் வரை கண்ணகி காத்திருந்தார். பிறகு, "உங்க விண்ணப்பத்தில் இரண்டாம் பக்கம். தமிழில் சொல்றேன்," என்று ஒரு தாளை எடுத்தார்.

"'எனக்குக் கடைவாய்ப் பல் வலித்தபடியால் டாக்டரிடம் போனேன். அவர் குறட்டால் கவ்விப் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி, வேரோடு எடுத்தார். ஆகா, மரவள்ளிக்கும் இதுதானே வழி என்று எனக்கு அந்த நாற்காலியிலேயே தோன்றிவிட்டது. வாயில் பஞ்சோடு அந்தக் குறட்டை வாங்கிப் பார்த்து...'" கண்ணகி தாளைக் கீழே வைத்தார். "இது நீங்க எழுதினதுதானே சார்?"

பட்டறையில் முதலில் சிரித்தது அமிர்தம்தான். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. பூமாலை பெஞ்சிலிருந்தே இறங்கிவிட்டார். சற்று முன்னால் கிறுக்கன் என்று தீர்ப்புச் சொன்ன கொளஞ்சியப்பன் வாய் திறந்தபடியே நின்றது. செல்லமுத்து தன் கட்டத்துக்குள் தலையைக் குனிந்து என்னவோ செய்தார். கொளஞ்சியப்பன் கையிலிருந்த போன் அதிர்ந்தது. 'மொழிபெயர்ப்பில் தப்பு என்று சொல்லிவிடுங்கள். பல் கதையே இல்லை. நான் பார்த்துக்கொள்கிறேன்.'

நல்ல யோசனைதான். ஒரே வார்த்தை. சொன்னால் ஜெர்மனிக்காரன் ஒழிந்தான், பேர் நிலைத்தது. ஆனால் பிராது இன்னும் மணவாளநல்லூரில் வேலில் கட்டித்தான் கிடக்கிறது. அதில் பல் இருக்கிறது. ஒரே கேஸில் சாமியிடம் ஒரு வாக்குமூலம், சென்னையில் ஒரு வாக்குமூலம் கொடுத்தால் என்ன ஆகும் என்று பெரியப்பாவின் ஆட்டைக் கேட்டால் சொல்லும்.

"நெசந்தாங்க மேடம். நானேதான் போயி பாத்தேன்," என்றார்.

செல்லமுத்து கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ ஆவணம் மூன்று சம்பந்தமுள்ளதுதான். அப்படியே பதிவு செய்றேன்," என்றார் கண்ணகி. கோபமில்லை குரலில். "அதனாலயே எல்லாம் போச்சுன்னு இல்லை சார். டாக்டர் ஆட்டிப் பிடுங்கறார். உங்க கருவி ஆட்டினால் பிடியை விட்டுடுது. பிடிக்கிற கருவி செய்யறவங்க எல்லாரும் பிடி விடவே கூடாதுன்னுதான் பாடுபடுவாங்க. ஆட்டினா விட்டுடணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு? அது விண்ணப்பத்தில் இல்லை. இரண்டாம் பக்கத்துக்கு அப்புறம் நேரா முடிவுக்கு வந்துட்டீங்க. நடுவில் என்னவோ விட்டுப்போன மாதிரி இருக்கு."

கொளஞ்சியப்பன் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. மூன்றாம் தாள் எந்தச் சட்டையில் இருக்கிறதோ. இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு மனப்பாடம்.

"சும்மாதாங்க... ரோசன பண்ணிகினே இருந்தேன், தோணிச்சு," என்று இழுத்தார்.

கண்ணகி காத்திருந்தார். அந்தப் பெண்மணிக்கு இது ஒன்றுதான் வேலை போல.

கொளஞ்சியப்பன் திரும்பிப் பார்த்தார். பெஞ்சின் கடைசியில் ஜெயம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை. கூட்டத்தில் சிரிக்காதவள் அவள் ஒருத்திதான். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, தனக்கும் இதற்கும் ஒன்றும் இல்லை என்கிற மாதிரி மேஜையில் மாலை போட்டுக்கொண்டு நின்ற சிவப்புக் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொடாதே, டெமோ பீஸ். சொன்னது யார்? அவர்தான். காலையில், இதே வாயால். உளுந்தூர்பேட்டையில் டை கட்டியவன் சொன்னதை அப்படியே சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்த அந்தக் கை அவருக்கு நினைவு வந்தது. வெட்கமாக இருந்தது. மூன்றாம் தாளில் எழுதிய சங்கதி நடந்த அன்றைக்குக்கூட அப்படி வெட்கப்படவில்லை.

"மேடம், ஒரு தாள் வுட்டுட்டேன்," என்றார். "வுட்டுட்டேன்னா, மறந்து இல்ல. வேணும்னே."

"சொல்லுங்க."

"மொதக் கருவிய டாக்டர் கொறடு மாதிரியேதான் செஞ்சேன். வெள்ளிமல தாண்டி ஒரு காட்டுக்கு எடுத்துகினு போனேன். பதினோரு பொம்பளைங்க வேல செஞ்சிகினு இருந்தாங்க. பாருங்கம்மா வேடிக்கன்னு சொல்லிட்டு, கவ்வ வச்சி டாக்டர் மாதிரியே ஆட்டுனேன். கெழங்கு ஒடிஞ்சி போச்சு. அடுத்த செடி, அதுவும் ஒடிஞ்சி போச்சு. மூணாவதுல ரோசம் வந்து ஜாஸ்தியா ஆட்டுனேன். இடுக்கி கொஞ்சம் கோணிகிச்சு, புடி வுட்டுப்போச்சு. நான் மல்லாக்க பள்ளத்துல வுழுந்துட்டேன்."

"அவ்ளோதானா மேஸ்திரி?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ஜெயம்மாளுக்கு இப்போது உதட்டோரம் துடித்தது.

"வேட்டி இடுக்கியில மாட்டிகிச்சுங்க," என்றார் கொளஞ்சியப்பன், தரையைப் பார்த்து. "நான் பள்ளத்துல. வேட்டி கருவியில."

"பட்டாப்பட்டி ட்ராயரு மேடம். பச்சக் கோடு," என்றாள் ஜெயம்மாள்.

பட்டறை கூரை தகரம். அன்றைக்கு அது பறக்காமல் இருந்தது அதிசயம். திரையில் கண்ணகி மேடம் கையால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. முழுசாக ஒரு நிமிஷம் கழித்துத்தான் திரும்பினார்.

"பதிவு செய்றேன். அப்புறம்?"

"வேட்டிய எடுக்கறதுக்கு ஜெயம்மாதான் வந்தா. நேரா மேல இழுத்தா. வரல, இன்னும் கவ்விகிச்சு. ஒரு ஒதறு ஒதறுனா. வுட்டுடுச்சு. மறுபடியும் வச்சிப் பாத்தா, மறுபடியும் அதேதான். நான் வெக்கத்துல எழுந்திரிக்காம படுத்திருந்தேன். அப்ப சொன்னா..." நிறுத்தினார். "'மேஸ்திரி, இது நேரா தூக்குனா புடிக்குது, ஆட்டுனா வுடுது. இப்டியே இருக்கட்டும். ஆட்டவே வுடாது பாரு, கெழங்கு ஒடயாது'ன்னு. அந்த வார்த்தய நான் சொல்லல மேடம். அவதான் சொன்னா. நான் அதுக்கு வெல்டிங் வச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. செல்லமுத்து மட்டும் தன் கட்டத்துக்குள்ளிருந்து, "சார், சார்..." என்றார். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

"ஜெயம்மாள் அங்கே இருக்காங்களா?" என்றார் கண்ணகி.

ஜெயம்மாள் எழுந்து நின்றாள். இடுப்பு வலி கம்மியாச்சு என்று சொல்வதற்காகப் பழகி வந்தவள், அவசரத்தில் அதையே சொன்னாள்.

"இடுப்பு வலி கம்மியாச்சுங்க."

"நல்லதும்மா. அவர் சொன்னது சரியா?"

ஜெயம்மாள் கொளஞ்சியப்பனைப் பார்த்தாள். "சரிதாங்க. ஆனா அவுரு வுழலன்னா எனக்கு எப்டித் தெரியும்?" என்றாள்.

பதினைந்து நாளுக்குள் இதையெல்லாம் எழுத்தில் தரச் சொன்னார் கண்ணகி. கண்டுபிடித்தவர் யார் யார் என்பதற்குத் தனியாக ஒரு மனுவும் வேண்டும். நோட்டரி முன்னால் பதினோரு பெண்களும் கையெழுத்துப் போட்டார்கள். பட்டாப்பட்டியின் கோடு பச்சையா நீலமா என்பதில் மட்டும் அரை மணி நேரம் போனது.

நாலு மாசம் கழித்துச் சான்றிதழ் வந்தது. கூடவே தீர்ப்பும். செல்லமுத்து போனில் தமிழில் வாசித்தார். ஆவணம் மூன்று சம்பந்தமுள்ளதே. ஆனால் அதைப் பின்பற்றினால் என்ன ஆகும் என்பதை விண்ணப்பதாரர் பதினோரு சாட்சிகள் முன்னிலையில் தம் உடலாலேயே நிரூபித்திருக்கிறார். அந்தக் குறடு எந்த வழியைக் காட்டுகிறதோ அதற்கு நேர் எதிரான வழியில்தான் இந்தக் கண்டுபிடிப்பு இருக்கிறது. ஆகவே காப்புரிமை வழங்கப்படுகிறது.

"இந்தத் தீர்ப்ப யாரு வேணா படிக்கலாமா சார்?" என்றார் கொளஞ்சியப்பன்.

"உலகம் பூரா. இன்டர்நெட்டில் போட்டாச்சு."

"வேட்டி?"

"பத்தி பதினாலு," என்றார் செல்லமுத்து.

அமிர்தம் அந்தப் பத்தியைத் தமிழில் எழுதி வாங்கிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினாள். கொளஞ்சியப்பன் சான்றிதழைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு மொபெட்டில் மலை ஏறினார். வழியில் வண்டி இரண்டு இடத்தில் மூச்சு வாங்கியது, அவரும் வாங்கினார்.

வெள்ளிமலை தாண்டி ஒரு சரிவில் கிழங்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாலு கருவி ஓடிக்கொண்டிருந்தது. ஜெயம்மாள் கைப்பிடியை அழுத்த, ஒரு கொத்துக் கிழங்கு மண்ணோடு முழுசாக எழும்பி வந்தது. அவரைப் பார்த்ததும், "இன்னா மேஸ்திரி, வேட்டிய இறுக்கிக் கட்டிகினு வந்தியா?" என்றாள். பத்துப் பெண்களும் சிரித்தார்கள். இனி ஆயுசுக்கும் இப்படித்தான்.

அவர் சான்றிதழை எடுத்தார்.

"இங்கிலீசுல இருக்குது. எம்பேரு எது?"

"ரெண்டாவது. இந்தா, இதான்."

"மொதல்ல உம்பேரு இன்னாத்துக்கு?"

"வுழுந்தது நான்தான?"

அது நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். தலையை ஆட்டிக்கொண்டாள். இரண்டு கையும் முழங்கை வரை செம்மண். புடவையில் துடைக்கப் போனவள் நிறுத்தி, அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"தொட்லாமா? இல்ல, இதுவும் டெமோ பீஸா?"

கொளஞ்சியப்பன் சான்றிதழைக் கவரை விட்டு வெளியே எடுத்து, இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார். அவள் மண் கையோடு வாங்கிக்கொண்டாள்.